ராமானுஜன் விட்ட ஒரு வரி

பி.காம். முடித்த கையோடு கும்பகோணத்தில் ஒரு ஆபீசில் கணக்கு எழுதிக் கொண்டிருந்தேன். ஒரு மார்ச் மாதம். நூறு வரி பட்டியலில் ஒரே ஒரு வரி விட்டுப் போயிற்று. டோட்டல் டேலி ஆகவில்லை. "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான்யா லாயக்கு!" என்றார் மேனேஜர், ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி. கடைசி பஸ்ஸில் பாபநாசம் திரும்பும்போது, வேலைக்கு முழுக்குப் போட முடிவு கட்டிவிட்டேன்.

திண்ணையில் அப்பா. சொன்னேன். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நெல் கணக்குதான்.

"ஏண்டா, 12 மரக்கால் ஒரு கலம். அது ஏன் 12? பங்காளிங்க ரெண்டு பேரோ, மூணு பேரோ, நாலோ, ஆறோ, மிச்சமில்லாம பிரியும். 10ன்னு வச்சா மூணு பேருக்குப் பிரியுமா? அடிதடிதான்! சரி, அளக்கறப்ப ஒண்ணு தப்பிட்டா நெல்லை ஆத்துலயா கொட்டறோம்? மறுபடி அளக்கறோம். போய் விட்ட வரியை எழுதிட்டு வா."

போனேன். எழுதினேன். டேலி ஆனது. மேனேஜர் ஒன்றும் பேசவில்லை. ஒரு டீ மட்டும் வந்தது.

அப்பா சொன்ன 12க்குக் கணிதத்தில் தனி மரியாதை உண்டு என்று பின்னால்தான் தெரிந்தது. 12ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் ஆறு: 1, 2, 3, 4, 6, 12. அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லாரையும் ஜெயிக்கும் எண்கள் அபூர்வம். எங்கள் ஊர் 108 சிவாலயத்து 108கூட இதில் தேறாது. அதற்கு வகுத்திகள் 12. ஆனால் 60க்கே 12 இருக்கிறதே!

இந்த எண்களை ஆராய்ந்தவர் யார் தெரியுமா? பக்கத்து ஊர் கும்பகோணம், சாரங்கபாணி சன்னதித் தெரு ராமானுஜன். எஃப்.ஏ. தேறாதவர். 1912ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா, அதுவும் கணக்குப் பிரிவில்! 1914ல் கப்பலேறி, 1915ல் லண்டன் கணிதக் கழக இதழில் இதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் 102 எண்களுக்குப் பட்டியல். கடைசி எண் 6,74,632 கோடியே 83,88,800.

அதிலும் ஒரு வரி விட்டுப் போயிற்று! 29,331 கோடியே 86,25,600. அதாவது 64×81×25×49×11×13×17×19. பெருக்கிப் பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், இதை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் வந்துவிடும். அத்தனை பக்கத்தில் இருந்தும் கண்ணில் படவில்லை.

அதற்காக அவரை யாரும் மாடு மேய்க்க அனுப்பவில்லை. 1916ல் இதே ஆராய்ச்சிக்குத்தான் கேம்பிரிட்ஜ் பி.ஏ. கொடுத்தது!

விட்டுப்போன அந்த எண்ணின் வகுத்திகள் 5040. 5040க்கு 60. 60க்கு?

12. சரியாக ஒரு கலம். அப்பா இருந்தால் சொல்லியிருப்பேன்.