மலர்வழி நட்பு

போரில் வென்றவர்களும் தோற்றவர்களும் ஓரறையில் அமர்ந்து மலர் அமைக்கக் கற்றார்கள் என்றால் வியப்பாகவே இருக்கும். ஆயினும், 1945-க்குப் பின் ஜப்பானில் அது நிகழ்ந்தது. நேசநாட்டுப் படைகள் அங்கு நிலைகொண்டிருந்த ஆண்டுகளில், படையினரின் குடும்பப் பெண்கள் பலர் ஜப்பானிய ஆசிரியர்களிடம் ‘இகெபானா’ என்னும் மலரமைப்புக் கலையைப் பயின்றனர். அமெரிக்கத் தளபதி ஒருவரின் மனைவியான எல்லன் கார்டன் ஆலன், 1956-இல் டோக்கியோவில் ‘இகெபானா இன்டர்நேஷனல்’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். ‘மலர்வழி நட்பு’ என்பதே அதன் குறிக்கோள். படையுடன் ஜப்பானுக்குச் சென்ற ஆஸ்திரேலியரான நார்மன் ஸ்பார்னன், அங்கே இக்கலையைக் கற்றுத் தேர்ந்து, பின்னர்த் தம் நாட்டில் பரப்பினார்.

ஒரு நாட்டின் கலை மற்றொரு நாட்டின் தெருவுக்கும் வீட்டுக்கும் எவ்வாறு சென்று சேர்கிறது? எதைக் கொடுத்து எதைக் காத்துக்கொள்கிறது? இகெபானாவின் வரலாறு இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை தருகிறது.

ஆலயத்திலிருந்து அனைவருக்கும்

கியோத்தோ நகரின் ரொக்காக்குதோ ஆலயத்தில், புத்தர் திருமுன் மலர் வைத்து வழிபட்ட துறவியரிடமிருந்து இக்கலை வளர்ந்தது. குளத்தருகே இருந்த அவர்களது குடிலின் பெயரே ‘இகெனோபோ’ என்னும் மிகப் பழைய மரபின் பெயராயிற்று. அம்மரபைச் சேர்ந்த சென்கெய் அமைத்த மலர்களைக் காண நகர மக்கள் ஆர்வத்துடன் திரண்டனர் என்று 1462-ஆம் ஆண்டின் நாட்குறிப்பு ஒன்று கூறுகிறது.

துறவியரிடமிருந்து பிரபுக்களுக்கும் போர்மறவர்களுக்கும், அவர்களிடமிருந்து வணிகர்களுக்கும் இக்கலை சென்றது. நெடுங்காலம் ஆடவர் கையிலிருந்த இது, மெய்ஜி காலத்தில் பெண்கல்வியின் ஒரு பகுதியாயிற்று. அதே காலத்தில் மேலைநாட்டு மலர்கள் ஜப்பானுக்கு வந்தன. குட்டையான தண்டுகளையுடைய அவை, உயர்ந்து நிற்கும் பழைய அமைப்புகளுக்குப் பொருந்தவில்லை. ஓஹாரா உன்ஷின் என்பார் அம்மலர்களை விலக்காமல், அகன்று ஆழங்குறைந்த தட்டத்தில் அமைக்கும் ‘மோரிபானா’ என்னும் புதிய முறையை வகுத்தார். 1927-இல் சோஃபு தெஷிகஹாரா நிறுவிய ‘சொகெட்சு’ பள்ளி, யாரும், எங்கும், எப்பொருளைக் கொண்டும் இக்கலையைப் பயிலலாம் என்னும் கருத்தை முன்வைத்தது.

அயல்நாட்டு மலரைத் தன் தட்டத்தில் ஏற்றுக்கொண்ட கலைக்கு, அயல்நாட்டு மண்ணில் வேரூன்றுவது கடினமாக இருக்கவில்லை.

மூன்று கோடுகள்

இக்கலையின் அடிப்படையை ஒரு மாலைப்பொழுதில் விளக்கிவிடலாம். தேர்ச்சி பெறப் பல்லாண்டுகள் ஆகும். சொகெட்சு பள்ளியின் தொடக்கப் பாடத்தில் ஷின், சொயெ, ஹிகாயெ என மூன்று முதன்மைத் தண்டுகள் உள்ளன. தட்டத்தின் அகலத்தையும் ஆழத்தையும் கூட்டி, அதனை ஒன்றரையால் பெருக்கினால் முதல் தண்டின் நீளம் கிடைக்கும். அதில் முக்கால் பங்கு இரண்டாவது. இரண்டாவதில் முக்கால் பங்கு மூன்றாவது. 30 செ.மீ. அகலமும் 6 செ.மீ. ஆழமும் உள்ள தட்டத்திற்கு, முதல் தண்டு 54 செ.மீ.; அடுத்தவை ஏறத்தாழ 40, 30 செ.மீ. செங்குத்துக் கோட்டிலிருந்து அவை முறையே 15, 45, 75 பாகை அளவில் சாய்ந்து நிற்கும்.

தண்டுகளைத் தாங்குவது ‘கென்சான்’ என்னும், ஊசிகள் நெருங்கப் பதித்த கனமான உலோகத் தட்டு. தண்டைத் தண்ணீருக்குள் வைத்தே வெட்டுவது மற்றொரு முறை. காற்று உட்புகாமல் நீர் தடையின்றி மேலேறுவதால் மலர் நெடுநேரம் வாடாது. எஞ்சியது கண்ணுக்கான பயிற்சி. எந்த இலையைக் களைவது, எவ்விடத்தை வெற்றிடமாக விடுவது என்பதே அங்குப் பாடம். நம் மரபில் மலர்கள் நெருக்கமாகத் தொடுக்கப்படுவதால் மாலை அழகு பெறுகிறது. அங்கோ இரு கிளைகளுக்கு இடையே உள்ள வெளியும் மலருக்கு நிகரான மதிப்புடையது.

பகிரும் முறை

இந்தியாவில் தில்லி, ஐதராபாத் முதலிய நகரங்களில் இகெபானா இன்டர்நேஷனல் கிளைகள் இயங்குகின்றன. சென்னையில் ஓஹாரா பள்ளிக்குக் கிளை உண்டு. ஆயினும் இக்கலை பெருநகரங்களின் வசதி படைத்த வட்டங்களுக்குள் நின்றுவிடும் நிலையும் காணப்படுகிறது. விலையுயர்ந்த மலர்களும் அயல்நாட்டுக் கலங்களும் இன்றியமையாதவை என்னும் எண்ணமே அதற்குக் காரணம். கணக்குப் பார்த்துப் பழகிய நாம் இங்கும் ஒரு கணக்குப் பார்க்கலாம். மலர்கள் மூன்று போதும். கிளைகள் வேலியோரத்திலேயே கிடைக்கும். ஒருமுறை வாங்கிய கென்சான் பல்லாண்டுகள் உழைக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் மலர்க்கடற்பஞ்சு மக்காத நெகிழிப் பொருள். அது செலவும் மாசும் சேர்ப்பது.

அரசுப் பள்ளியிலோ முதியோர் இல்லத்திலோ குடியிருப்போர் சங்கத்திலோ இக்கலையை அறிமுகம் செய்ய விரும்புவோர் மூன்றை நினைவிற்கொள்வது நலம். முதலாவது, செர்ரி மலரைத் தேடாமல் அந்தந்த ஊரின் பருவத்தைத் தேடுவது. சித்திரையில் சரக்கொன்றை, மழைக்காலத்தில் தாமரை இலையும் நாணலும், எந்நாளும் மூங்கிலும் வாழையிலையும் நம்மிடம் உண்டு. நிலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் குறிஞ்சி, முல்லை எனப் பூப்பெயர் சூட்டிய மொழியினர்க்குப் பருவத்தை மலரில் காண்பது புதிதன்று. இரண்டாவது, ஜப்பானியச் சொற்களையும் ஆசிரியர் மரபையும் மறவாமல் கூறுவது. எளிமையாக்குவது வேறு, மூலத்தை மறைப்பது வேறு. மூன்றாவது, தொடக்கத்தில் கருவிகளை ஒழுங்குபடுத்துதல், முடிவில் இலைக்கழிவைக் கூட்டித் துடைத்தல் ஆகியவற்றையும் பாடமாகவே கொள்வது. அவற்றை விட்டால் எஞ்சுவது அலங்காரம் மட்டுமே.

ஜப்பானிலேயே இளைய தலைமுறையினரிடம் இக்கலையைப் பயில்வோர் குறைந்து வருகின்றனர். ஆகவே, பிற நாடுகளில் கற்போர் விருந்தினர் மட்டுமல்லர், காவலரும் ஆவர். ஒருவர் கற்றதை அடுத்தவருக்குக் கற்பிக்கும்போதே அக்காவல் முழுமை பெறும். பயிற்சியில் அமைத்த தட்டத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாமல் நூலகத்திலோ மருத்துவமனை வரவேற்பறையிலோ வங்கிக் கிளையின் மேசையிலோ வைக்கலாம். நாள்தோறும் தண்ணீரை மாற்றும் பொறுப்பை ஒருவர் ஏற்றால் போதும். வரிசையில் காத்திருப்பவர் யாரேனும் இது என்னவென்று கேட்பார். அடுத்த மாணவர் அங்கிருந்தே கிடைப்பார்.