இரையாக வந்த இறால்

அமெரிக்காவின் மொன்டானா மாகாணத்தில், மலைப்பனி உருகி வரும் நதிகளை ஏற்று விரிந்து கிடக்கும் ஃபிளாட்ஹெட் ஏரிக்குள், ஓர் அங்குலத்துக்கு மேல் வளராத சிற்றிறால் ஒன்று புகுந்ததனால், நீரில் ஒருவகை மீன் அற்றுப்போனதோடு, அம்மீனை நாடி ஆகாயமார்க்கமாக வந்த கழுகுகளும் வராமற்போன வரலாறு, நன்னீர்நிலைகளில் அக்கறையுள்ள எவரும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

மைசிஸ் என்பது அதன் பெயர். குளிர்ந்த, ஆழமான ஏரிகளில் வாழும் முதுகெலும்பற்ற பிராணி அது; பெண் இறால் தன் குஞ்சுகளை வயிற்றடிப் பையில் சுமந்து திரியும். கனடாவின் கூட்டனே ஏரியில் 1949-ஆம் ஆண்டில் இதைக் கொண்டுவந்து விட்டபோது, கடலுக்குச் செல்லாமல் ஏரியிலேயே வாழும் கொக்கனி என்னும் சால்மன் மீன்கள், அவ்வேரியின் மேற்குக் கிளையில் இதைத் தின்று பெருத்தன. அதைக் கண்ட மீன்வள அதிகாரிகள் வேறு பல ஏரிகளிலும் அந்த உபாயத்தைக் கைக்கொண்டார்கள். ஃபிளாட்ஹெட்டில் நேரே எவரும் விடவில்லை. அதற்கு மேலேயுள்ள ஏரிகளில் 1968 முதல் 1975 வரை விடப்பட்டவை ஓடும் நீரோடு இறங்கி, 1981-ல் அங்கே தென்பட்டன.

கொக்கனி கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் மீனாகையால், பகலில், வெளிச்சமுள்ள மேல்நீரில் மேய்வது. மைசிஸோ பகல் முழுதும் இருண்ட அடித்தளத்தில் கிடந்து, இருட்டிய பிறகே மேலெழுந்து, டாப்னியா முதலான நுண்ணிய மிதவைப் பிராணிகளைத் தின்றுவிட்டு, விடியுமுன் இறங்கிவிடும். ஆக, மீனுக்கு உணவாக விடப்பட்ட ஜந்து, மீனின் கண்ணிலேயே படாமல், மீனுக்குரிய உணவைத் தின்று தீர்த்தது. கூட்டனேயில் பலன் வேறாயிருந்ததற்குக் காரணம், அங்கே ஆழ்நீர் ஒரு மேட்டின்மீது ஏறிப் பாய்கையில் இறால்களையும் தூக்கிவந்து ஆழமற்ற நீரில் சேர்த்தமையே. ஒளிந்துகொள்ள ஆழமில்லாத அவ்விடத்தில் அவை பகலிலேயே மீன்களுக்கு அகப்பட்டன. நீரோட்டத்தின் உபகாரத்தை இறாலின் குணமாகக் கொண்டதே பிழையின் மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம்.

இலையுதிர்காலத்தில் ஃபிளாட்ஹெட்டிலிருந்து மக்டொனால்ட் ஓடையில் ஏறி முட்டையிட்டு மடியும் கொக்கனிகளை உண்ண, 1981-ல் 600-க்கு மேற்பட்ட வெண்தலைக் கழுகுகள் அங்கே கூடின. 1985-ல் லட்சத்துக்கு மேல் ஓடையேறிய மீன்கள் 1987-ல் சில நூறாகச் சுருங்கின. 1989-ல் எண்ணப்பட்ட கழுகுகள் 25 மாத்திரமே. கரடிகளும் நீர்நாய்களும்கூட அவ்வாகாரத்தை இழந்தன. கொக்கனியும் 1916-ல் மனிதர் கொண்டுவந்து விட்டதுதான் எனினும், அதைச் சுற்றிப் பல ஜீவன்களின் வாழ்வு பின்னிக்கொண்டுவிட்டதால், அந்நஷ்டத்தை அற்பமென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆழத்தில் வாழும் ஏரி டிரௌட் என்னும் மீனின் இளங்குஞ்சுகளுக்கோ, அடியில் கிடந்த இறால் அபரிமிதமான உணவாயிற்று. அவை பல்கிப் பெருகி, எஞ்சிய கொக்கனிகளை விழுங்கியதோடு, சுதேச இனமான புல் டிரௌட்டையும் நெருக்கலாயின. ஏரியின் தென்பகுதிக்கு உரியவர்களான சாலிஷ், கூட்டனாய்ப் பழங்குடியினர் வலைவீசி ஏரி டிரௌட்டைக் குறைக்க முயன்று வருகிறார்கள். ஏரியடி முழுதும் பரவிவிட்ட இறாலை அப்படிப் பிடித்து அகற்ற வழியில்லை.