கியர் எண்ணெய்க்கும் காய்ச்சல் வரும்

மாணவர்களே, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டச் சாலைகளில் பழைய லேண்ட் ரோவர் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றும் வண்டிகள். அப்படி ஒரு வண்டிக்கு ஒருவர் வீட்டிலேயே வேறு எஞ்சினும் ஆட்டோ கியர் பெட்டியும் பொருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் வண்டி நன்றாகவே ஓடும். சிக்கல் மலையேறும்போதுதான். ஏன்?

கைக்கியர் வண்டியில் எஞ்சினையும் கியர் பெட்டியையும் கிளட்ச் தட்டு இறுகப் பிணைக்கிறது. ஆட்டோ கியரில் அந்த வேலையை எண்ணெய் செய்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால், அதன் காற்று பட்டு மற்றதும் சுழலும். ஆனால் சற்று மெதுவாக. காற்றுக்குப் பதில் எண்ணெய் இருந்தால், அதுதான் 'டார்க் கன்வெர்ட்டர்'. இரு பக்க வேக வேறுபாட்டால் வீணாகும் ஆற்றல் எண்ணெயில் வெப்பமாகச் சேர்கிறது. சுமையோடு மெதுவாக ஏற்றம் ஏறும்போது இந்த வேறுபாடு அதிகம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு உயரம் ஏறத்தாழ 1,400 மீட்டர் கூடுகிறது. வண்டியும் சுமையும் 2,000 கிலோ என்றால், கூடும் நிலையாற்றல் 2,000 × 9.8 × 1,400. அதாவது சுமார் 27 மில்லியன் ஜூல். இதில் பத்தில் ஒரு பங்குக்கு இணையான வெப்பம், 2.7 மில்லியன் ஜூல், எண்ணெயில் சேர்வதாகக் கொள்வோம். ஒரு கிலோ எண்ணெயை 1 டிகிரி செல்சியஸ் சூடேற்றச் சுமார் 2,000 ஜூல் போதும். பெட்டியில் 7 கிலோ எண்ணெய் இருந்தால், வெப்பநிலை சுமார் 190 டிகிரி உயர வேண்டும்!

பெட்டியின் வெளிப்புறம் வழியாகக் கொஞ்சம் வெப்பம் வெளியேறும். ஆனால் அது போதாது. மிகவும் சூடான எண்ணெய் கருகும், ரப்பர் சீல்கள் இறுகும், உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்கும். வழுக்க வழுக்க இன்னும் சூடேறும். கடைசியில் வண்டி பாதி மலையில் நின்றுவிடும்.

ஆட்டோ கியருடனே தயாராகும் பல கார்களில், இந்த எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். கைக்கியர் வண்டியின் ரேடியேட்டரில் அது கிடையாது. எனவே தனிக் குளிர்விப்பான் தேவை. இது மெல்லிய குழாய்களும் அலுமினியத் தகடுகளும் கொண்டது. சூடான எண்ணெய் குழாயில் ஓட, தகடுகள் வெப்பத்தை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும்.

இதை ரேடியேட்டருக்கு முன்னால், காற்று முதலில் படும் இடத்தில் வைப்பார்கள். மலைக்காற்று குளிர்தானே, அது போதாதா? போதாது. தேயிலை ஆலையில் கொழுந்தை வாட்ட விசிறி வைத்துக் காற்றைச் செலுத்துவதுபோல், இங்கும் காற்று நகர வேண்டும். மெதுவாக ஏறும் வண்டிக்கு அதனால்தான் விசிறியும் வேண்டும்.

எண்ணெய்க் குழாய்கள் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். புகைக்குழாயைத் தொடவே கூடாது. கசிந்த எண்ணெய் அதன்மேல் சொட்டினால் தீப்பிடிக்கலாம்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி: சுமையை மேலும் 1,000 கிலோ கூட்டினால், அதே எண்ணெய் எத்தனை டிகிரி சூடேறும்? கணக்கிட்டுப் பாருங்கள்.