மதுவும் மறைப்பும்: தன்பாலீர்ப்புடையோருக்குரிய உதவியும் உரிமைகளும்

ஆணை விரும்பும் ஆண்களும், பெண்ணை விரும்பும் பெண்களும், இருபாலாரையும் விரும்புவோரும் ஏனைய சமூகங்களில் இருப்பது போலவே தமிழ்ச் சமூகத்திலும் இருக்கின்றனர். தன்பாலீர்ப்பு நோயன்று. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று அதனைத் தனது நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆயினும், இவர்களிடையே மதுவினதும் போதைப்பொருள்களினதும் தீங்கான பாவனை ஏனையோரைவிடக் கூடுதலாக உள்ளதெனப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன.

காரணம் என்ன?

அமெரிக்க ஆய்வாளர் இலான் மேயர் 2003இல் வெளியிட்ட கட்டுரையில் இதனைச் 'சிறுபான்மை அழுத்தம்' என்னும் கருத்தின் மூலம் விளக்கினார். இழிசொல், தாக்குதல், பாகுபாடு ஆகியன வெளியிலிருந்து வருவன. வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சம், ஓயாத மறைப்பு, தன்னைத் தானே வெறுத்தல் ஆகியன உள்ளே வளர்வன. அந்தப் பாரத்தைச் சில மணி நேரம் மறக்கச் சிலர் குடியை நாடுகின்றனர். நாளடைவில் அது பழக்கமாகிறது.

செவ்ரானில் வசிக்கும் ஒருவருக்கு வேலையிடம், உறவினர், கோயில், லா சப்பல் கடைத்தெரு யாவும் அறிமுகமானோர் நிறைந்த ஒரே வட்டமாகலாம். ஒருவரிடம் சொன்னது ஊருக்கே எட்டிவிடும் என்ற அச்சம் அவரை மருத்துவரிடமிருந்தும் விலக்கி வைக்கும். தன்பால் உறவைக் குற்றமாக்கும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளின் நிழலில் வளர்ந்தோருக்கு இவ்வச்சம் மேலும் பெரிது. பிரான்சிலோ இத்தகைய உறவுகளுக்கெதிரான இறுதிச் சட்டப் பாகுபாடு 1982இல் நீக்கப்பட்டது. 2013 முதல் ஒருபால் திருமணமும் சட்டபூர்வமானது.

சட்டம் தரும் பாதுகாப்பு

• மருத்துவரும் சிகிச்சை நிலைய ஊழியரும் தொழில்சார் இரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர்கள். அதனை மீறுவோருக்குத் தண்டனைச் சட்டத்தின் 226-13ஆம் பிரிவின்படி ஓராண்டுச் சிறையும் 15,000 யூரோ தண்டப்பணமும் விதிக்கப்படலாம்.

• மொழி தடையாயின், தொழில்முறை உரைபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்கலாம். அவரும் இரகசியம் காக்க வேண்டியவரே. பிள்ளையையோ உறவினரையோ மொழிபெயர்க்க அழைத்துச் செல்வது, சொல்ல வேண்டியதையே சொல்லவிடாமல் தடுத்துவிடக்கூடும்.

• 18 வயதுக்குட்பட்டவர், தம் உடல்நலத்தைக் காக்கும் சிகிச்சை குறித்துப் பெற்றோருக்கு அறிவிக்க வேண்டாமெனக் கோரலாம். அவ்வாறாயின், அவர் தாம் தெரிவுசெய்த வயதுவந்த ஒருவருடன் செல்ல வேண்டும்.

• ஒருவரது பாலீர்ப்பை மாற்றவோ அடக்கவோ திரும்பத் திரும்ப முயன்று அவரது உடல், உள நலத்தைக் கெடுப்பது 2022 ஜனவரி 31ஆம் திகதிச் சட்டப்படி குற்றம். தண்டனை ஈராண்டுச் சிறையும் 30,000 யூரோவும் வரை; பெற்றோரே செய்தாலோ, பாதிக்கப்பட்டவர் சிறுவராயினோ, மூன்றாண்டும் 45,000 யூரோவும் வரை உயரும்.

எங்கு செல்வது?

'க்சாபா' எனப்படும் போதைப் பழக்கச் சிகிச்சை நிலையங்களில் மருத்துவரும் உளவியலாளரும் சமூகப் பணியாளரும் கட்டணமின்றிச் சந்திக்கின்றனர். வதிவிட அனுமதி இல்லாதோரும் அங்கு செல்லலாம். இளையோருக்கென உள்ள ஆலோசனைச் சேவைகள் பெற்றோரையும் ஏற்கின்றன. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவது வலிப்பு முதலிய ஆபத்தை விளைவிக்கலாம். எனவே மருத்துவ மேற்பார்வை அவசியம்.

குடும்பத்தாருக்கு

குடியை நிறுத்துமாறு வற்புறுத்துவோர் பலர். குடிக்கத் தூண்டும் துயரைக் கேட்போர் சிலரே. ஆதரவு கிடைக்கும் இடத்தில் சிறுபான்மை அழுத்தத்தின் தாக்கம் தணிகிறது என்பதும் மேயரின் விளக்கத்தில் அடங்கும். திருமணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம், ஒருவரது துயரை இருவரது துயராக்கும்.

தொலைபேசி இலக்கங்கள்

போதைப்பொருள் தகவல் சேவை: 0 800 23 13 13
மது தகவல் சேவை: 0 980 980 930
(இவ்விரண்டும் நாள்தோறும் காலை 8 மணி முதல் பின்னிரவு 2 மணி வரை, பெயர் கூறத் தேவையில்லை)
தற்கொலை எண்ணம் எழும்போது, 24 மணி நேரமும்: 3114
மருத்துவ அவசரம்: 15