ஒட்டுத் தெரியாமல் ஒட்டுவது எப்படி?



நம் பாலிடெக்னிக்கில் எந்த டிபார்ட்மெண்டில் படித்தாலும் சரி, வீடியோ எடிட்டிங் தெரிந்தவன் பாடு திண்டாட்டம்தான். ஆண்டு விழா வீடியோவா? "டேய், நீ பண்ணிக் குடுடா." சீனியர்களுக்கு வழியனுப்பு விழாவா? அதுவும் அவன் தலையில். நான் அதற்கும் மேலே, சனி, ஞாயிறுகளில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி, மணிக்கணக்கு கிடையாது. சீக்கிரம் முடித்தால்தான் எனக்கு லாபம். பரீட்சை ஃபீஸ் அதில்தான் கட்டுகிறேன்.

ஒரு கல்யாண வீடியோவில் 500 வெட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் எஃபெக்ட்ஸ் பேனலைத் திறந்து, 'கிராஸ் டிசால்வ்' எங்கே என்று தேடி, மவுஸால் இழுத்து வந்து போட 10 வினாடி என்றாலும் மொத்தம் 5,000 வினாடி. அதாவது 1 மணி 23 நிமிஷம்! இதையே கீபோர்டில் நிமிஷத்தில் முடிக்கலாம். எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன் ட்ரான்சிஷன் என்பது என்ன பண்டம் என்று பார்த்துவிடுவோம். அது தெரியாமல் கீயை அழுத்தினால் வினைதான்.

ஒரு காட்சி மங்க, அடுத்தது அதன் மேலேயே தெளிந்து வருவது டிசால்வ். அந்த ஒரு வினாடிக்கு இரண்டு காட்சிகளும் சேர்ந்து ஓடியாக வேண்டும் அல்லவா? வினாடிக்கு 25 ஃபிரேம் என்று எடுத்த வீடியோவில் ஒரு வினாடி டிசால்வை வெட்டின் நடுவில் வைத்தால், முதல் கிளிப் வெட்டைத் தாண்டி இன்னும் 12, 13 ஃபிரேம் ஓட வேண்டும். அடுத்த கிளிப் வெட்டுக்கு 12 ஃபிரேம் முன்னாடியே கிளம்ப வேண்டும். நாம் வெட்டி மறைத்து வைத்திருக்கும் இந்த உபரிக்கு 'ஹேண்டில்' என்று பெயர். சிவில் நண்பர்களுக்கு உடனே புரியும். கம்பியோடு கம்பியைச் சேர்க்கும்போது நுனியோடு நுனி முட்டவைத்தா கட்டுகிறோம்? லேப் விடுகிறோமே, அதேதான் இது.

டேப் காலத்தில் இந்த லேப் விடுவதற்கே இரண்டு பிளேயர், ஒரு ரெக்கார்டர், நடுவில் ஒரு மிக்ஸர் வேண்டும். இரண்டு காட்சியும் ஒரே கேசட்டில் இருந்தால் ஒன்றை வேறு கேசட்டில் காப்பி எடுக்கணும், அதில் படம் ஒரு படி மங்கும். 1991இல் வந்த அடோபி பிரிமியர்கூட ஆரம்பத்தில் அதே பழக்கத்தில் ஏ, பி என்று இரண்டு டிராக், நடுவே ட்ரான்சிஷனுக்கு ஒரு டிராக் என்றுதான் இருந்தது. இப்போது எல்லாம் ஒரே டிராக்கில். அதனால்தான் உள்ளே ஒளிந்திருக்கும் லேப் நம் ஆட்களுக்குக் கண்ணில் படுவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். பிரிமியரில் மேல் அம்பு, கீழ் அம்பு கீயை அழுத்தினால் பிளேஹெட் வெட்டுக்கு வெட்டு தாவும். நிற்கிற இடத்தில் கண்ட்ரோல் + டி அழுத்தினால் டிசால்வ் விழுந்துவிடும். பல கிளிப்புகளைச் சேர்த்து செலக்ட் செய்து ஷிஃப்ட் + டி கொடுத்தால் படம், ஒலி இரண்டுக்கும் எல்லா வெட்டிலும் ஒரே அடியில் விழும். எவ்வளவு நீளம் என்பதை முன்கூட்டியே ப்ரெஃபரன்ஸில், டைம்லைன் பகுதியில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் வாங்கக் காசு இல்லாதவர்களுக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு இருக்கிறது. அதில் கண்ட்ரோல் + டி இருக்கும் இடத்தில் கண்ட்ரோல் + டீ. நாம் எழுதினால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், அதனால் விளக்கிவிடுகிறேன்: முன்னது டாக்கின் முதல் எழுத்து, பின்னது டேபிளின் முதல் எழுத்து!

ஹேண்டில் இல்லாத கிளிப் வந்தால்? பிரிமியர் ஓர் எச்சரிக்கை காட்டிவிட்டு, கடைசி ஃபிரேமையே திரும்பத் திரும்ப நிரப்பும். நடந்து வருகிற மாமா திடீரென்று சிலையாகிவிடுவார். டைம்லைனில் அந்த ட்ரான்சிஷன் மேல் சாய்வுக் கோடுகள் தெரியும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ரிசால்வ், ட்ரிம் பண்ணவா, ஸ்கிப் பண்ணவா என்று கேட்கும். ஸ்கிப் கொடுங்கள். ட்ரிம் கொடுத்தால் பார்த்துப் பார்த்து வைத்த வெட்டு நகர்ந்துவிடும்.

போட்டோவுக்கு இந்தத் தொல்லை இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் நீளும். வழியனுப்பு விழாவுக்கு 180 போட்டோ, ஒவ்வொன்றும் 5 வினாடி என்றால் பிரிமியரில் 'ஆட்டோமேட் டு சீக்வென்ஸ்' கொடுத்து, 1 வினாடி ஓவர்லேப் வைத்தால் அடுக்குவதும் ஒட்டுவதும் ஒன்றாக முடியும். ஆனால் இங்கே ஒவ்வொரு ஒட்டும் ஒரு வினாடியைத் தின்னும். 900இல் 179 போக 721 வினாடி, அதாவது 12 நிமிஷம். கணக்குப் போடாமல் 15 நிமிஷத்துக்குப் பாட்டு வாங்கி வைத்தால் கடைசி மூன்று நிமிஷம் கறுப்புத் திரைதான்.

கல்யாண வீடியோவுக்கு இந்த மொத்த அடி ஆகாது என்பது என் கட்சி. 500 வெட்டில் 40 இடத்தில் ட்ரான்சிஷன் போதும். நிச்சயதார்த்தம் முடிந்து மறுநாள் காலை, முகூர்த்தம் முடிந்து பந்தி என்று நேரமோ இடமோ மாறும்போது டிசால்வ் அழகு. ஒரே மேடையில் ஐயரிலிருந்து மாப்பிள்ளைக்குப் போவதற்கு நேர் வெட்டே போதும். இதயம் பறப்பது, பக்கம் புரள்வது எல்லாம் வீட்டுக்காரர்கள் கேட்டால் டைட்டிலில் ஒன்று போடுங்கள், அவர்களுக்கும் திருப்தி.

நான் சேர்வதற்கு முன் எங்கள் ஸ்டூடியோவில் ஒருத்தர், அவசரத்தில் மொத்தக் கிளிப்பையும் செலக்ட் செய்து 2 வினாடி 'பேஜ் பீல்' அடித்திருக்கிறார். மூன்றாவது முடிச்சு விழுகிற இடத்தில் வெட்டு. படம் காகிதம் மாதிரிச் சுருண்டு, கீழே அட்சதை போடுகிற கூட்டம். மாப்பிள்ளையின் தங்கை வந்து, "அண்ணா, நான் போட்ட முடிச்சு எங்கே?" என்று கேட்டதாம். மெமரி கார்டை அதற்குள் அழித்து அடுத்த கல்யாணத்துக்கு அனுப்பியாகிவிட்டது. அந்த முடிச்சு இனி எந்த சாஃப்ட்வேரிலும் கிடைக்காது. ஆகவே தாலி கட்டும் பகுதியைத் தொடவே மாட்டேன். முதலில் அந்த இடத்துக்கு மார்க்கர் வைத்துவிட்டு, அதற்கு முன்பு ஒரு பகுதி, பின்பு ஒரு பகுதி என்று தனித்தனியாகத்தான் செலக்ட் செய்வேன்.

ஒலியில் மட்டும் நான் தாராளம். நேர் வெட்டில் சில சமயம் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த இடங்களுக்கு 2, 3 ஃபிரேம் நீளத்தில் ஆடியோ ட்ரான்சிஷன் கொடுத்தால் அடங்கிவிடும். பிரிமியரில் அதற்கு கண்ட்ரோல் + ஷிஃப்ட் + டி. மேளத்துக்கு மட்டும் இது வேலைக்கு ஆகாது. இரண்டு தாளம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் காதைக் குடையும். கெட்டிமேளத்தை ஒரே கேமராவிலிருந்து முழுசாக எடுத்து அடி டிராக்கில் போட்டு, டிராக்கை லாக் செய்துவிடுங்கள். அதற்கு மேலே படத்தை ஆறு தடவை வெட்டினாலும் ஒருத்தருக்கும் தெரியாது.