ஆச்சி எழுப்பாத பணியாரமும் ராஜராஜன் எடுப்பிச்ச கோயிலும்!

"மாவு எழும்பலையே ஆச்சி!"

"எண்ணெய் இன்னும் காயட்டும், அதுவா எழும்பும். கரண்டியை விட்டு நீ எழுப்பாதே!"

காரைக்குடிப் பக்கம் வெள்ளைப் பணியாரம் ஊற்றுகிற எந்த அடுப்படியிலும் காதில் விழக்கூடிய பேச்சுத்தான். பச்சரிசியை உழக்கில் தலைதட்டி அளந்து, அதன் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, சேர்த்து ஊறவைத்து, வெண்ணெய்போல ஆட்டி, புளிக்கவிடாமல் அன்றைக்கே எண்ணெயில் ஊற்றும் பலகாரம் அது. அடியில் போன மாவு தானாக மேலே வர வேண்டும். நடு வெள்ளையாக, ஓரம் முறுகலாக. அவசரப்பட்டுக் கிளறினால் காரியம் கெட்டது!

இந்த இரண்டு வரிப் பேச்சை வேற்றுமொழிக்காரர் ஒருவரிடம் மொழிபெயர்க்கக் கொடுத்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். ஆங்கிலத்தில் மாவு 'ரைஸ்' ஆகும், நாம் 'ரெய்ஸ்' செய்வோம். இத்தாலியரிடம் கேட்டால், 'மனிதர் எழுந்தால் அல்ட்ஸார்சி, சூரியன் எழுந்தால் சொர்ஜெரே, மாவு எழும்பினால் லியெவிதாரே. உங்கள் ஆச்சி சொன்னது எது?' என்பார். போலந்துக்காரரோ 'ரொஸ்னொன்ச்' என்று முடித்துவிடுவார். குழந்தை வளர்வதற்கும் அவருக்கு அதே சொல்தான்! விலைவாசி ஏறுவதற்கும் அதுவே. இத்தாலியிலும் விலைவாசி ஈஸ்ட் போட்ட மாவாகத்தான் உப்புகிறது: லியெவிதாரே.

'ரைஸ்', 'ரெய்ஸ்' இரண்டையும் குழப்பிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் குட்டு வாங்காத தமிழர் யார்? ஆனால் அந்த ஜோடி எங்கிருந்து வந்தது தெரியுமா? 'ரைஸ்' ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை. 'ரெய்ஸ்' கடல் தாண்டி வந்த வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த விருந்தாளி. அதே வேரில் ஆங்கிலத்துக்கு உள்ளூரிலேயே 'ரியர்' என்று ஒன்று இருந்தும், வந்த சொல் வீட்டையே எடுத்துக்கொண்டது. விழு என்பதற்கு 'ஃபால்', மரத்தை விழச்செய் என்பதற்கு 'ஃபெல்'. குடி என்பதற்கு 'டிரிங்க்', குடிக்கச்செய் என்பதற்கு 'டிரெஞ்ச்'. பழைய ஜெர்மானிய மொழிகளில் ஓடிக்கொண்டிருந்த ஓர் இயந்திரத்தின் கழன்ற பாகங்கள் இவை. சம்பளம் கூடினால் அமெரிக்கருக்கு 'ரெய்ஸ்', பிரிட்டிஷ்காரருக்கு 'ரைஸ்' என்பது இன்னும் தீராத பஞ்சாயத்து!

தமிழில் அந்த மாதிரி இயந்திரம் இன்றும் நிற்கவில்லை. எழும்பு – எழுப்பு, கிளம்பு – கிளப்பு, திரும்பு – திருப்பு, இறங்கு – இறக்கு, திருந்து – திருத்து. மெல்லெழுத்து வல்லெழுத்தானால் போதும், தானாக நடந்த காரியம் பிறர் நடத்துகிற காரியமாகிவிடும். ஏறு – ஏற்று, ஓடு – ஓட்டு, மாறு – மாற்று என்று இன்னொரு வரிசை, இதில் ஒற்று இரட்டிக்கும். தன்வினை, பிறவினை என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்தோமே, அதுதான். இத்தாலியரும் போலந்துக்காரரும் எதிர்த்திசையில் போகிறார்கள். அவர்களுக்குத் தூக்குவதுதான் அடிப்படை. தானாக எழுவதைச் சொல்ல இத்தாலியர் 'சி' என்று ஒரு வாலையும் போலந்துக்காரர் 'ஷே' என்று ஒரு சொல்லையும் ஒட்டிக்கொள்வார்கள். 'தன்னைத்தானே தூக்கிக்கொள்' என்கிற கணக்கு.

ஓர் எழுத்து மாறினால் போதும் என்றேனே, 'வளர்' அந்த எழுத்தைக்கூட உள்ளே ஒளித்து வைத்திருக்கிறது! வளர்கிறான் – வளர்க்கிறான், வளர்ந்தான் – வளர்த்தான். பிள்ளை, மாடு, தாடி, தோட்டம், யாகத் தீ எல்லாவற்றையும் நாம் ஒரே சொல்லால் வளர்ப்போம். போலந்தில் பிள்ளையை வளர்க்க ஒரு சொல், மாட்டை வளர்க்க வேறு சொல். மாற்றிச் சொன்னால் பெற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். இத்தாலியரின் 'அல்லெவாரே' இரண்டுக்கும் ஆகும், அதற்குள்ளே 'தூக்கு' என்கிற வேர் உட்கார்ந்திருக்கிறது.

செட்டிநாட்டில் இதற்கும் மேலே ஒன்று உண்டு. வாரிசு இல்லாத வீட்டுக்குச் சுவீகாரம் எடுப்பதை அந்தப் பகுதியின் வணிகச் சமூகமான நகரத்தார் 'பிள்ளை கூட்டுதல்' என்பார்கள். கூடு – கூட்டு. வீட்டுக் கணக்கில் ஒரு புள்ளி (ஒரு குடும்பத்தை அவர்கள் அப்படித்தான் எண்ணுவார்கள்) கூட வேண்டும், அதற்காகப் பிள்ளையைக் கூட்டுகிறார்கள். சிறுகூடல்பட்டியில் 1927இல் முத்தையாவாகப் பிறந்து, அப்படிச் சுவீகாரம் போய் நாராயணன் என்று பெயர் மாறிய பையனைத்தான் நாம் கண்ணதாசன் என்கிறோம்!

சூரியன் எங்கே உதிக்கிறது? கிழக்கில். 'கிழக்கு' என்றால்? கீழே! மேற்கு என்றால் மேலே! இத்தாலியருக்குக் கிழக்கு 'லெவாந்தே', அதாவது எழுகிற திசை. போலந்துக்காரருக்குச் சூரியோதயமும் கிழக்கும் ஒரே சொல். நமக்கு மட்டும் சூரியன் பள்ளத்தில் முளைத்து மேட்டில் மறைகிறது. மேற்கே மலைத்தொடர், கிழக்கே கடலை நோக்கிச் சரியும் நிலம். ஊர்க்காரர்கள் தரையைப் பார்த்துத் திசைக்குப் பெயர் வைத்தார்கள். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார்.

மொழிபெயர்ப்பாளரை உண்மையில் அழவைப்பது 'ஏற்று'. கொடி ஏற்றலாம், சரி. வண்டியில் மூட்டை ஏற்றலாம், சரி. விளக்கு ஏற்றுவது? குளுக்கோஸ் ஏற்றுவது? சாயம் ஏற்றுவது? மந்திரத்தை உரு ஏற்றுவது? ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனிச் சொல் தேட வேண்டும். 'ஏற்றுமதி', 'இறக்குமதி' இரண்டையும் பாருங்கள்: ஐரோப்பியர் சரக்கை வெளியே சுமக்கிறார்கள், உள்ளே சுமக்கிறார்கள், நாம் கப்பலில் ஏற்றுகிறோம், கப்பலிலிருந்து இறக்குகிறோம். பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் இறக்கித்தான் கானாடுகாத்தானிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் அந்த அரண்மனை வீடுகள் எழும்பின. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறிய ஊர்கள் அவை. தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிப் போய்ச் சம்பாதித்த ஊரில் நின்றுகொண்டு 'மானம் கப்பலேறிப் போச்சு' என்பதை எப்படிப் போலிஷில் சொல்வது? சொல்லிப் பார்த்தால் சுற்றுலா போனதாக நினைத்துக்கொள்வார்கள்.

கட்டடத்தை நாம் எழுப்பவும் செய்வோம், எடுக்கவும் செய்வோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் தன் கோயிலைத் தான் 'எடுப்பிச்ச' கோயில் என்கிறான். 1010இல் முடிந்த கற்றளி, 'எடு'வின் பிறவினை, அதுவும் 'எடுப்பித்த' என்று இலக்கணச் சுத்தமாக இல்லாமல், இன்றைக்கு நாம் பேசுகிற வாடையில் 'எடுப்பிச்ச'! சக்கரவர்த்தியின் கல்லிலேயே பேச்சுத் தமிழ் இருக்கிறது என்றால், எழுத்தில் கொச்சை வரலாமா என்று சண்டை போடுகிறவர்கள் ஒரு நடை தஞ்சாவூர் போய் வரலாம்.

'எடு' நகரத்தார் வீட்டில் வேறொரு வேலையும் செய்கிறது. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள் பிள்ளையார் நோன்பு. 21 இழைத் திரியை இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டு விழுங்குவார்கள். ஆமாம், எரிகிற சுடரோடு! அதற்குப் பெயர் 'இழை எடுத்துக்கொள்வது'. இந்த 'எடு'வுக்கு எந்த அகராதியிலும் தனி எண் போட்டுப் பொருள் எழுத வேண்டும்.

எல்லா வினையும் இப்படி இணங்கி நடப்பதில்லை. 'பொங்கு' முரட்டுப் பிள்ளை. இறங்கு – இறக்கு என்கிற கணக்குப்படி 'பொக்கு' என்றல்லவா வர வேண்டும்? வராது! பாலும் பொங்கும், நாமும் சோறு பொங்குவோம். நாட்டரசன்கோட்டையில், தைப்பொங்கலுக்குப் பின் வரும் முதல் செவ்வாயன்று, கண்ணாத்தாள் கோயில் முன்னால் நூற்றுக்கணக்கான பானைகள் வரிசை கட்டும். புள்ளிக்கு ஒரு பானை, முதல் பானை யாருக்கு என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். அங்கே போய்ப் பொங்குவது பாலா, ஆளா என்று இலக்கணம் கேட்டால் கரண்டிதான் பறந்து வரும்.

இந்த வினைகளை ஆராய்ந்தவர் கதை இன்னும் சுவாரசியம்! மேலைச்சிவபுரியில் பிறந்த வ.சுப. மாணிக்கம் சிறுவயதில் பர்மாவில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனார். வருமான வரி அதிகாரி வந்தால் முதலாளி இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். பொய் சொல்ல முடியாது என்று மறுத்து வேலையை விட்டு ஊர் திரும்பினார். மகிபாலன்பட்டிப் பண்டிதமணி கதிரேசஞ் செட்டியாரிடம் தமிழ் படித்தார். பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று என்ன தெரியுமா? தமிழ் வினைச்சொற்கள்!

மதுரை அமெரிக்கன் கல்லூரியின் கு. பரமசிவமோ இதே தன்வினை – பிறவினை ஜோடிகளை மூட்டை கட்டிக்கொண்டு சிகாகோ போய் 1979இல் முனைவர் பட்டம் வாங்கினார். 'மரம் ஏறினான்' என்பதில் மரம் செயப்படுபொருள், ஆனாலும் வினை தன்வினையாகவே நிற்கிறது, ஏனென்றால் மேலே போனது ஏறியவன்தான் என்கிற மாதிரி நுட்பங்கள் அவருடையவை. அதே சிகாகோ பல்கலைக்கழகம்தான் 1994இல், காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்திருந்த புத்தக மலையை வாங்கிச் சென்னையில் நூலகமாக்கியது.

சரி, இத்தாலியும் போலந்தும் தமிழுக்குள் வந்ததே இல்லையா? வந்திருக்கின்றன! அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர், 1680இல் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்த அசல் இத்தாலியர். போலிஷ் குறள் எங்கே வெளியானது என்று நினைக்கிறீர்கள்? வார்சாவில் இல்லை, சென்னையில்! வாண்டா டினோவ்ஸ்கா என்ற போலந்துப் பெண்மணி 1944இல் இங்கே போலந்து–இந்திய நூலகம் என்று ஒரு பதிப்பு வரிசை தொடங்கி, உமாதேவி என்ற பெயரோடு 1958இல் குறளைக் கொண்டுவந்தார்.

595ஆம் குறளில் அவர் என்ன பாடுபட்டாரோ! நீர்மட்டம் ஏற ஏறப் பூவின் தண்டு நீளும், மனம் எவ்வளவோ அவ்வளவு மனிதரின் உயரம் என்று நாம் விளக்கம் சொல்கிறோமே, அந்தக் குறளில் வள்ளுவர் வைத்தது 'நீட்டம்', 'உயர்வு' என்ற இரண்டு பெயர்ச்சொற்கள்தான். ஏறவோ ஏற்றவோ ஒரு வினைகூட இல்லை!