காடும் குளமும்: வன்னி நிலத்தின் ஆக்கம்

நிலம் மக்களை ஆக்கும் என்பது தமிழ்மரபு கண்ட உண்மை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்ட தொல்காப்பியர், தெய்வம், உணவு, மரம், தொழில் முதலியவற்றை அவற்றின்வழித் தோன்றும் கருப்பொருளாக வகுத்தார். இவ்வுண்மைக்கு மறுபக்கமும் ஒன்றுண்டு. மக்கள் தம் தொழிலாலும் வழிபாட்டாலும் நிலத்தை ஆக்குகின்றனர். ஈழத்தின் வடபாலுள்ள வன்னிக் காட்டுநிலம் இதற்குத் தக்க சான்றாகும்.

யாழ்ப்பாணக் கடனீரேரிக்குத் தெற்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய மாவட்டங்களிற் பரந்து கிடப்பது இந்நிலம். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழையே இதன் உயிர். எஞ்சிய காலத்தின் பெரும்பகுதி வறட்சியே. பாலை, வீரை, முதிரை, கருங்காலி முதலிய மரங்கள் அவ்வறட்சியைத் தாங்கி நிற்பன. ஆறுகளோ மாரியிற் பெருகிக் கோடையில் வெறும் மணலாவன. ஆதலின், மழைநீரைத் தேக்கினாலன்றி இங்கு நெல் இல்லை. நெல் இன்றேல் ஊரும் இல்லை. புளியங்குளம், செட்டிகுளம், கனகராயன்குளம் என ஊர்ப்பெயர்களே இதனைப் புலப்படுத்தும்.

குளம், அதன் கட்டின்கீழ் வயல், வயலையடுத்து மனைகள், சூழக் காடு என்பதே வன்னியூரின் அமைப்பு. மேற்குளத்தின் வான் பாய்ந்தால் நீர் கீழ்க்குளத்தை அடையும். குளத்திற்கு மேலுள்ள காடு மண் கரைந்து வருவதைத் தடுக்கும். எனவே, காட்டை முற்றாக வெட்டிய ஊர் நாளடைவிற் குளத்தையும் இழக்கும். வீட்டுக்கு மரமும், கலப்பைக்குத் தடியும், மாட்டுக்கு மேய்ச்சலும், தேனும் பாலைப்பழமும் தருவது அக்காடே.

நீரைப் பங்கிடுவதற்கு ஒழுங்கு வேண்டும். விதைப்புக்கு முன் கமக்காரர் கூடி நாட்குறித்தலும், துருசு திறக்கும் முறையை வட்டவிதானை கண்காணித்தலும், நீர் குறைந்த சிறுபோகத்தில் வயலின் ஒரு பகுதியை மட்டும் விதைத்து யாவரும் பங்கு கொள்ளுதலும் இவ்வாறு எழுந்தவையே. குளக்கட்டில் ஐயனாரும் பிள்ளையாரும் காவலராயினர். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசியிற் பொங்கலிட்டு, கடல்நீரால் விளக்கெரிக்கும் மரபு இன்றும் நிலவுகின்றது. பயிரழிக்கும் பன்றியும் குருவியுங்கூடப் பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு எனும் நாட்டுப்பாடல்களுக்குப் பொருளாயின.

இக்காடு முழுவதும் மனிதர் கைபடாத காடன்று. பாலியாற்றை மறித்த வவுனிக்குளம் கிறித்துவுக்கு முற்பட்டதெனக் கருதியவர், 1909இல் ஈழத்துத் தொன்மை பற்றி நூல் வெளியிட்ட நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர். அத்தகைய குளங்கள் பல உடைந்து, அவற்றின்மேற் காடு படர்ந்தது. மலேரியாவும் குடித்தொகையைப் பெருகவிடவில்லை. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்டு அந்நோய் தணிந்தது. 1950களில் வவுனிக்குளம் மீளக் கட்டப்பட்டது. யாழ்ப்பாணத்தினின்றும் குடியேறியோர் கழனி திருத்தினர். 1977ஆம் ஆண்டு வன்செயலின்பின் மலையகத் தமிழர் பலரும் இங்கு புகலடைந்து, காடு திருத்திப் பயிர்செய்தனர்.

2009இல் முடிந்த போர் இவ்வூர்களைப் பலமுறை வெறுமையாக்கியது. ஆளற்ற வயலிலும் முற்றத்திலும் காடு மீண்டும் எழுந்தது. மீண்டு வந்தோருட் சிலர், தம் பழைய நிலம் ஒதுக்கக்காடென எல்லையிடப்பட்டிருக்கக் கண்டனர். வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. காடு காக்கப்படவேண்டியது என்பதில் ஐயமில்லை; களவில் மரம் தறிப்போரும் ஆற்றுமணல் அகழ்வோரும் வன்னிக்குச் செய்யும் தீங்கு சிறிதன்று. ஆயின், தூர்ந்த கிணறும், புளியமரமும், வரம்பின் தடமும், ஐயனார் கல்லும் உள்ள இடம் காடு மட்டுமன்று, அது ஊருமாகும். மரத்தின் உயரத்தை மட்டும் அளந்து நிலத்தின் இயல்பைத் துணிதல் பிழை.

குளத்தைக் காக்க மக்கள் காட்டைக் காத்தனர். காடு அவர்தம் குளத்தைக் காத்தது. இவ்விரண்டையும் ஒருசேரக் காக்கும் அறிவு அவ்வூர்களின் பழைய ஒழுங்கிலேயே உள்ளது. மக்களை நீக்கிக் காட்டைக் காத்தலும், காட்டை நீக்கி மக்களை வாழ்வித்தலும் வன்னியில் நிலைபெறா என்பதே அந்நிலத்தின் வரலாறு உணர்த்தும் பாடமாகும்.